பல் கூச்சமும் மனக் கூச்சமும்: பதின்வயதினரின் அன்றாடத்தில் வாய்நலத்தை அளப்பது எப்படி?

திருவனந்தபுரம் பள்ளிகளில் படித்த 12 வயதுப் பிள்ளைகள் 838 பேரின் பற்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கேரளத்துப் பல் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தியது. சொத்தை கண்டிருந்த பிள்ளைகள் 27 சதவீதம். சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைத்த பல் ஆகிய மூன்றையும் கூட்டினால் தலைக்கு அரைப் பல் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 1.2க்குக் கீழே எது வந்தாலும் அது 'மிகக் குறைவு'. 2002-03இல் இந்தியா முழுவதும் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் இதே வயதினரில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது. அதோடு ஒப்பிட்டால் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள் என்றே தோன்றும்.

ஆனால் அதே பிள்ளைகளிடம் "உன் பற்கள் எப்படி இருக்கின்றன?" என்றும் கேட்டிருந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் நன்றாக இல்லை என்றார். சொத்தையோடு வாய் நாற்றம், உணவு சிக்கிக்கொள்வது, தோற்றத்தில் அதிருப்தி ஆகியவையும் அந்தப் பதிலோடு சேர்ந்து நின்றன. அரைப் பல் என்ற சராசரியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குச் சொத்தையே இல்லை என்றால், மொத்தச் சுமையும் மீதிக் கால்வாசிப் பேர் மீது விழுகிறது. அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இரண்டு பற்கள். அந்த இரண்டு பற்களோடு அந்தப் பிள்ளைகள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், வகுப்பில் எழுந்து நின்று எப்படிப் பேசினார்கள் என்பதைச் சராசரி சொல்லாது. இதை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பல விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எண்ணிக்கை ஏன் நிலைத்தது

பல்லை எண்ணும் முறை 1930களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுனில் பள்ளிப் பிள்ளைகளிடையே உருவானது. மேலே சொன்ன மூன்றையும் கூட்டும், கிளெய்ன், பால்மர் என்ற இருவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் டி.எம்.எஃப்.டி. குறியீடு அது. ஒரு கண்ணாடி, ஒரு ஆய்வுக் கம்பி, நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒரு கண் இருந்தால் போதும். எந்த ஊரிலும் எண்ணலாம், இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்கலாம். 2000ஆம் ஆண்டுக்குள் 12 வயதினரின் சராசரி மூன்றைத் தாண்டக் கூடாது என்று 1981இல் உலக அளவில் இலக்கு வைக்க முடிந்ததே இந்த எண் கையில் இருந்ததால்தான். அரசுகளை அசைக்க எண் வேண்டும். அந்த வகையில் இந்தக் குறியீடு செய்த உதவியைக் குறைத்துப் பேச முடியாது.

அதன் குறைகள் வேறு வகையானவை. அடைத்து நலமான பல்லுக்கும் இரவெல்லாம் தெறிக்கும் பல்லுக்கும் அது ஒரே மதிப்பைத் தருகிறது. ஈறில் வரும் ரத்தம், வாய்ப்புண், நெருக்கியடித்து முளைத்த பல், விழுந்து உடைந்த முன்பல் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை. பிள்ளை என்ன உணர்ந்தது என்று கேட்க அது உருவாக்கப்படவுமில்லை.

மறுப்பு வந்த வழி

'பல் போனால் சொல் போச்சு' என்ற பழமொழி வாயின் நலத்தை வாய் செய்யும் வேலையைக் கொண்டு மதிப்பிடுகிறது. ஆய்வுலகம் அந்த இடத்துக்கு வந்து சேர 1970கள் ஆயின. நோயை மட்டும் பதியும் குறியீடுகள் போதாது, பல் நோயின் சமூக விளைவைக் காட்டும் குறியீடுகள் தேவை என்று கோஹனும் ஜாகோவும் 1976இல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1980இல் குறைபாடு, இயலாமை, சமூகத் தடை என்று நோயின் விளைவுகளைப் படிகளாகப் பிரித்தது. டொரொண்டோவில் பணியாற்றிய டேவிட் லாக்கர் அந்தப் படிகளை 1988இல் வாய்க்குப் பொருத்தினார். திசுவில் கோளாறு, அதனால் செயல் குன்றுதல், வலியும் அசௌகரியமும், அன்றாட வேலை தடைப்படுதல், கடைசியில் சமூக வாழ்வில் பின்தங்குதல். பின்னால் வந்த வினாப்பட்டியல்களில் பலவும் இந்த ஏணியில் ஏறி வந்தவைதாம்.

முதல் அளவுகோல்கள் வயதானவர்களுக்காக எழுதப்பட்டன. பல் போனவர்கள், பல்செட் போட்டவர்கள் பற்றிய கவலை அவற்றில் தெரியும். 1990இல் 12 கேள்விகளோடு ஒன்று அமெரிக்காவில் வந்தது; 1994இல் 49 கேள்விகளோடு இன்னொன்றை ஸ்லேடும் ஸ்பென்சரும் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். இவற்றை அப்படியே பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நீட்ட முடியாது.

நம் விஷயத்துக்கு நெருக்கமான திருப்பம் தாய்லாந்தில் நிகழ்ந்தது. கோன் கேன் மாகாணத்தின் 16 கிராமங்களில் 35 முதல் 44 வயது வரையுள்ள 501 பேரிடம் சுப்ரீதா அடுல்யனோனும் லண்டனைச் சேர்ந்த ஆப்ரே ஷீஹாமும் ஓர் ஆய்வு நடத்தி 1996இல் வெளியிட்டார்கள். பல் நோய் குறைவான மக்கள் அவர்கள். அப்படியும் 73.6 சதவீதம் பேர், முந்தைய ஆறு மாதங்களில் அன்றாடச் செயல்களில் ஒன்றாவது வாயால் கெட்டது என்றார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில் பாதிப்பும் குறைவாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. திருவனந்தபுரத்தின் 'மிகக் குறைவு' என்ற மதிப்பெண்ணைப் படிக்கும்போது இந்தத் தாய்லாந்து ஆய்வைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கென்று இரண்டு பாதைகள்

பதின்வயதினரை அளக்க இன்று பரவலாகக் கையாளப்படும் அளவுகோல்கள் இரண்டு வெவ்வேறு எண்ணங்களிலிருந்து பிறந்தவை. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முடிவுகளை ஒப்பிடுவதுதான் இத்துறையில் அதிகம் நடக்கும் தவறு.

முதலாவது, தாய்லாந்து வழியிலேயே வந்த, அன்றாடச் செயல்களில் வாயின் தாக்கத்தைக் கேட்கும் ஓ.ஐ.டி.பி. அளவுகோலின் பிள்ளைகளுக்கான வடிவம். கெருன்போங், த்சாகோஸ், ஷீஹாம் ஆகியோர் 2004இல் வெளியிட்டது. ஏணியின் கடைசிப் படிகளை மட்டும் அது பிடித்துக்கொள்கிறது. சாப்பிடுவது, பேசுவது, பல் துலக்குவது, தூங்கி ஓய்வெடுப்பது, எரிச்சலின்றி இருப்பது, பல் தெரியச் சிரிப்பது, பாடம் படிப்பது, பிறரோடு பழகுவது என எட்டுச் செயல்கள். கடந்த மூன்று மாதங்களில் வாயாலோ பல்லாலோ இவற்றில் எது தடைப்பட்டது, எவ்வளவு கடுமையாக, எத்தனை தடவை என்று நேரில் கேட்கப்படும். கடுமைக்கு மூன்று வரை, அடிக்கடி நிகழ்வதற்கு மூன்று வரை. இரண்டையும் பெருக்கினால் ஒரு செயலுக்கு அதிகபட்சம் 9, எட்டுக்கும் 72. அடுத்து, அந்தத் தடைக்கு எது காரணம் என்றும் பிள்ளையே சொல்ல வேண்டும். சொத்தையா, ஈறா, வாய்ப்புண்ணா, பல் வரிசையா என்று பிரித்துச் சொல்ல வைப்பதால், எந்தச் சிகிச்சைக்கு ஆள் வேண்டும் என்று திட்டமிட இது உதவும். ஒரு சுகாதாரத் துறைக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் கிடைப்பது அரிது.

இரண்டாவது, டொரொண்டோவில் யோகோவிச், லாக்கர் முதலியோர் 2002இல் உருவாக்கிய சி.பி.க்யூ. என்ற வினாப்பட்டியல். 11 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கானது. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட கேள்விகளை வாய் உபாதைகள், செயல் தடைகள், மனநலம், சமூகநலம் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, தாளில் பிள்ளையே எழுதும்படி தருகிறது. ஏணியின் எல்லாப் படிகளும் இதில் உண்டு. "உன் பல்லைப் பார்த்துப் பிறர் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டாயா?" என்ற வகைக் கேள்விகள் இதன் பலம். நீளம் இதன் பலவீனம். அதனால் 2006இல் 16, 8 கேள்விகள் கொண்ட சுருக்கங்கள் வந்தன.

இவற்றைத் தவிர, ஹிலரி புரோடரும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட 34 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. பல் தந்த தன்னம்பிக்கை பற்றியும் அது கேட்டது. கேடு இல்லாததே நலம் என்று மற்றவை எடுத்துக்கொண்டபோது இது ஒரு படி முன்னே போனது.

ஒரே கேள்விக்கு இத்தனை விடைகளா

தாய்லாந்தின் சுபன்புரியில் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,126 பேரிடம் பிள்ளைகளுக்கான ஓ.ஐ.டி.பி. அளவுகோலைப் பயன்படுத்தியபோது 89.8 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பாதிப்பைச் சொன்னார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ அதே வயதினரிடம் அது 40.4 சதவீதமாக இருந்தது. தான்சானியாவில் ஸ்வாஹிலி வடிவத்தில் கேட்டபோது 28.6 சதவீதம்.

மூன்று நாட்டுப் பிள்ளைகளின் பற்களும் இவ்வளவு வேறுபட்டவை என்று நம்புவதைவிட, கேள்வி மூன்று இடங்களில் மூன்று விதமாகக் காதில் விழுந்தது என்று நினைப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சுபன்புரி ஆய்விலேயே அதற்கு ஒரு தடயம் உண்டு. பாதிப்புக்குப் பிள்ளைகள் சொன்ன காரணங்களில் பல் கூச்சம், வாய்ப்புண், பல்வலி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, கிட்டத்தட்ட அதே அளவில், ஆடிக்கொண்டிருக்கும் பால் பல்லும் இருந்தது. பால் பல் விழுவது நோயாகாது. ஆனால் ஆடும் பல்லோடு முறுக்கைக் கடிக்க முடியாத பிள்ளைக்கு அது தடைதான். பிள்ளையின் அனுபவத்தை அளக்கிறோம் என்றால் அதைச் சேர்க்க வேண்டும்; சிகிச்சைத் தேவையை அளக்கிறோம் என்றால் விலக்க வேண்டும். இரண்டு நோக்கங்களையும் ஒரே எண்ணால் நிறைவேற்ற முயலும்போது குழப்பம் வருகிறது. கடுமையை விட்டுவிட்டு 'ஒன்றாவது உண்டா' என்று மட்டும் கேட்கும் சதவீதங்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

கூச்சம் என்ற ஒரு சொல்

வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பதற்கு ஒரு வழக்கமான நடைமுறை உண்டு. ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டும் ஒத்தால் தேர்ச்சி. தமிழிலும் மலையாளத்திலும் இந்தச் சோதனை எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு தவறவிடும் என்பதைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் ஐஸ் வைத்தால் பல் கூசும். முன்பல் உடைந்தவனுக்கு நாலு பேர் முன் சிரிக்கக் கூசும். பல்லில் நிகழும் கூச்சமும் மனதில் நிகழும் கூச்சமும் ஒரே சொல். முதலாவது ஏணியின் கீழ்ப்படி, இரண்டாவது மேல்படி. "பல்லால் உனக்குக் கூச்சம் ஏற்பட்டதா?" என்று எழுதிவிட்டால் எந்தப் படிக்கு விடை வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மலையாளத்தில் பல் கூச்சத்துக்குப் 'புளிப்பு' என்ற சொல் இருப்பதால் இந்தச் சிக்கல் அப்படியே வராது. அங்கே கவனிக்க வேண்டிய இடங்கள் வேறாக இருக்கும். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளை, வலியை எந்த மொழியில் நினைக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். வலிக்கான சொற்கள் பாடப்புத்தகத்திலிருந்து வருபவை அல்ல. பல் குடைகிறது, விண்ணென்று தெறிக்கிறது, ஈறு வீங்கி நமநமவென்கிறது போன்றவை அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டுப் படிந்தவை.

சொல்லை அடுத்துப் பொருளின் சிக்கல். டொரொண்டோ வினாப்பட்டியலில் கடிப்பதற்குக் கடினமான உணவுக்கு எடுத்துக்காட்டு ஆப்பிள், சோளக்கதிர், மாட்டிறைச்சித் துண்டம். வாயால் ஊதும் வாத்தியம் வாசிக்க முடிகிறதா என்றும் அதில் கேள்வி உண்டு. கஞ்சியும் அவித்த மரச்சீனியும் சாப்பிடும் பிள்ளை 'கடிப்பதில் சிரமம் இல்லை' என்று சொன்னால், பல் நன்றாக இருப்பதால் அப்படிச் சொல்கிறதா, கடிக்க வேண்டியதே தட்டில் இல்லையா? பச்சை மாங்காய், கரும்பு, வறுத்த கடலை, முறுக்கு என்று உள்ளூர்ப் பண்டங்களை வைத்துக் கேள்வியைப் புதிதாக எழுதுவது நேர்மையான வழி. அப்படி எழுதினால் டொரொண்டோ மதிப்பெண்ணோடு ஒப்பிடும் உரிமை பெருமளவு போய்விடும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைக்கு விளங்கும் கேள்வியின் பக்கம் நிற்பதே சரியெனப் படுகிறது.

அழகின் அளவையும் இடத்துக்கு இடம் மாறும். பல் வரிசைக் குறியீடுகள் குறையாகக் கணக்கிடும் தெத்துப்பல்லைக் களையான சிரிப்பின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இன்று கம்பி கட்டிய பற்கள் வகுப்பறைகளில் பெருகும்போது அந்தப் பார்வை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது வேறு கேள்வி. ஆக, ஒரே பல் வரிசை ஒரு தலைமுறையில் பாதிப்பில்லாமலும் அடுத்த தலைமுறையில் பாதிப்பாகவும் பதிவாகக்கூடும்.

'கடந்த மூன்று மாதங்கள்' என்ற வரையறையும் உள்ளூர் நாட்காட்டியில் சிக்கும். கேரளத்தில் பள்ளி ஜூனில் திறக்கிறது. ஜூனில் கேட்டால் பிள்ளை நினைவுகூரும் காலத்தில் பெரும்பகுதி கோடை விடுமுறை. படிப்பு தடைப்பட்டதா என்ற கேள்விக்கு வேலையே குறைவு. மார்ச்சில் கேட்டால் தேர்வுக் காலம். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தின் மேடைக்குத் தயாராகும் மாதங்களில் கேட்டால் சிரிப்பும் பேச்சும் வேறு எடை பெறும். எந்த மாதத்தில் கேட்டது என்பதை முடிவுகளோடு சேர்த்துச் சொல்வது சிறிய விஷயம்தான். ஆனாலும் அது இல்லாமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுவது கடினம்.

பல்லா, மனமா

எல்லாவற்றையும்விட ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பாதிப்பு என்று பதிவாவது பல்லிலிருந்து வருகிறதா, பிள்ளையின் மனநிலையிலிருந்து வருகிறதா?

பல் வரிசைக் கோளாறு பற்றிய ஆய்வுகளில் தாக்கம் பெரும்பாலும் மனநலம், சமூகநலம் ஆகிய பகுதிகளில்தான் தெரிகிறது. அதுவும் முன்பற்களின் கோளாறாக இருந்தால். இந்த மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் கோளாறின் அளவைவிடச் சுயமதிப்பு பெரிய பங்கு வகிக்கலாம் என்று டொரொண்டோவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. பிளவுபட்ட உதடு, அண்ணம் போன்ற பெரிய கோளாறுகளோடு வாழும் பிள்ளைகளின் மொத்த மதிப்பெண், சொத்தைப் பல் உள்ள பிள்ளைகளுடையதிலிருந்து பெரிதாக விலகவில்லை என்று லாக்கர் குழு 2005இல் எழுதியது. பிறவியிலிருந்தே உள்ளதோடு பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். அந்தப் பழக்கத்தை அளவுகோல் நலமாக எண்ணிவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1981இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரோடு தொடங்கிய ஆய்வு இருபது ஆண்டுகள் தொடர்ந்தது. சிறுவயதில் பல் சீரமைப்பு தேவைப்பட்டும் செய்துகொள்ளாதவர்களுக்குப் பிற்காலத்தில் அதனால் மனநலக் கேடு வந்ததாக அது காட்டவில்லை. கம்பி கட்டினால் வாழ்வே மலரும் என்ற விளம்பரங்களுக்கு இது நல்ல விடை. ஆனால் பன்னிரண்டு வயதில் வாயைக் கையால் மறைத்துச் சிரித்த அந்த ஆண்டுகளுக்கு முப்பது வயதின் நிம்மதி ஈடாகுமா என்று கார்டிஃப் ஆய்வால் சொல்ல முடியாது. பதின்வயதை வருங்காலத்துக்கான முன்னோட்டமாக மட்டும் பார்க்கும் வழக்கம் இங்கே தடையாக நிற்கிறது.

லாக்கரும் ஆலனும் 2007இல் இத்துறையைத் தாங்களே திருப்பிக் கேட்டார்கள். தடைகள் எத்தனை தடவை நிகழ்ந்தன என்று பதிவதை வாழ்க்கைத்தரம் என்று அழைக்கலாமா? அந்தத் தடை அந்த மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இந்த அளவுகோல்கள் நிறுவவில்லை என்பது அவர்கள் வாதம். பிள்ளைகளுக்கான அளவுகோல் ஒன்றை உருவாக்கிய குழுவில் இருந்த லாக்கரே இப்படி எழுதியது இத்துறைக்குப் பெருமைதான்.

மனம், பல் என்ற சர்ச்சைக்கு வெளியே நிற்கும் சான்றும் கொஞ்சம் உண்டு. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் பல்வலியால் பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியிருந்தது. வழக்கமான பல் பரிசோதனைக்காக வராமல் போனவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. 2011இல் வெளியான இந்த முடிவைப் போல, பள்ளி வருகைப் பதிவேட்டை வைத்துச் சரிபார்க்கும் முயற்சிகள் நம் ஊர்களிலும் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை.

கேட்டபின் என்ன

தேவை என்பதை 1972இல் பிராட்ஷா நான்காகப் பிரித்தார்: வல்லுநர் தீர்மானிக்கும் தேவை, தானே உணரும் தேவை, கேட்டுப் பெறும் தேவை, பிறரோடு ஒப்பிட்டு அறியும் தேவை. ஷீஹாமும் மாணவர்களும் முதல் இரண்டையும் இணைத்து, மருத்துவர் கண்ட கோளாறும் பிள்ளை உணர்ந்த பாதிப்பும் சேர்ந்தே வந்தால் அவர்களுக்கு முதலிடம் என்ற திட்டத்தை முன்வைத்தார்கள். பல் மருத்துவர் குறைவான இடத்தில் இது மிகவும் ஈர்க்கக்கூடியது. இதன் ஆபத்தும் வெளிப்படை. வலியோடு வாழப் பழகிய வீட்டுப் பிள்ளை 'பரவாயில்லை' என்று சொல்லும். வசதியான வீட்டுப் பிள்ளை சிறு நிறமாற்றத்தையும் பெரிதாகச் சொல்லக்கூடும். பாதிப்பை மட்டும் வைத்து வரிசை அமைத்தால், எதிர்பார்ப்பே இல்லாதவர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார். ஆகவே பல்லை எண்ணும் பழைய வேலையை இன்னும் கைவிட முடியாது. பிள்ளை சொல்லாததைச் சில நேரம் பல் சொல்லும்.

பிள்ளைகளோடு சேர்ந்து கேள்வி எழுதும் முயற்சி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வேரூன்றியிருக்கிறது. பல் மருத்துவ ஆய்வுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் பொருளாகவே நடத்தப்படுகிறார்கள் என்று அங்கிருந்து 2007இல் வந்த விமர்சனத்தின் தொடர்ச்சியாக, சொத்தைக்கென்றே பிள்ளைகளின் சொற்களில் 12 கேள்விகள் கொண்ட அளவுகோல் பின்னர் உருவானது. திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து, 'பல் வலித்தால் உன்னால் என்ன செய்ய முடியாமல் போகிறது?' என்று கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையிலேயே கேள்விகளை அடுக்கினால் எட்டுச் செயல்களின் பட்டியல் அப்படியே வருமா? டியூஷன், கபடி, மேடைப் பேச்சு, கைப்பேசியில் எடுக்கும் படம் என்று அதில் வேறு செயல்கள் நுழையலாம்.

இந்தியாவில் இந்தக் கேள்விகளுக்கு அமைப்புகள் இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைநலத் திட்டம் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கும் பட்டியலில் பல் கோளாறும் இருக்கிறது. 10 முதல் 19 வயதினருக்கென்றே 2014இல் இன்னொரு திட்டம் வந்தது. பரிசோதனைக்கு வரும் குழுவிடம் டார்ச்சும் படிவமும் உண்டு. அந்தப் படிவத்தில் 'கடந்த மூன்று மாதங்களில் பல்வலியால் தூக்கம் கெட்டதா?' என்று ஒரு வரி சேர்ப்பது கடினமல்ல. எத்தனை புள்ளி வேறுபட்டால் அது பிள்ளையின் வாழ்வில் உணரத்தக்க மாற்றம், சிகிச்சைக்குப் பின் மதிப்பெண் இறங்குவது பல் ஆறியதாலா பிள்ளை வளர்ந்ததாலா, 'ஆம், தினமும் வலிக்கிறது' என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அந்தத் தாளைப் படித்தவர் எத்தனை நாளுக்குள் என்ன செய்யக் கடமைப்பட்டவர் ஆகிய மூன்று கேள்விகளும் இன்னும் திறந்தே இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஆய்வாளர்கள் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதற்கு விடை சுகாதாரத் துறையிடமும் பள்ளியிடமும் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படிவத்தில் சேர்ப்பதற்கு முன்பே அது தீர்மானிக்கப்பட வேண்டும்.